கொட்டப்பட்டு முதல் கோடியக்கரை வரை

வியாழன் இரவு, திருச்சி

பேரிடர் என்று வந்தால் களத்துக்குப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஏற்கெனவே தங்களுக்குள் பகையோடு இருக்கும் ஊரைப் புயலோ வெள்ளமோ அடித்துப் போட்டால், நிவாரணத்தை யார் கையில் கொடுப்பது? மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம் என்று செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னாவில் ஏற்றுக்கொண்ட கொள்கைகளைச் சொல்வேன். சொல்லி முடித்த பிறகும் பிள்ளைகள் முகத்தில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். போரையும் பார்த்து, கடலையும் பார்த்தவர்கள் நம் காவிரிப் படுகையிலேயே இருக்கிறார்கள். ஆறு போகிற வழியிலேயே போய் அவர்களிடம் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறேன். தங்கும் ஊரிலிருந்து அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

கொட்டப்பட்டு முகாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இங்கே பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார்கள். 2021இல் அரசு இந்த முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும் என்பதால் பெரியவரே வெளியே வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். 1990இல் முல்லைத்தீவிலிருந்து வந்தவர், பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

2004 சுனாமி முடிந்த சில நாட்களில், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆட்களோடு அவரும் நாகப்பட்டினம் போயிருக்கிறார்.

“நாங்கள் சாமான் ஒண்டும் பெரிசாக் குடுக்கேல்ல பிள்ளை. எங்களிட்ட என்ன இருந்தது? பக்கத்தில இருந்தனாங்கள். முகாம் எண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கேக்க மனுசருக்கு உள்ளுக்க என்ன நடக்கும் எண்டு தெரியும்.”

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் முல்லைத்தீவுக் கரையையும் அலை எடுத்துக்கொண்டு போனது. அவருடைய அக்கா வீடு கடலோரத்தில் இருந்தது. நாகையில் அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் சொந்த அக்கா உயிரோடு இருக்கிறாரா என்பது அவருக்குத் தெரியாது. வாரங்கள் கழித்துத்தான் சேதி வந்தது.

எதைக் கவனிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது. “பதியிற மேசைக்குக் கிட்ட யார் நிக்கினம் எண்டு பாருங்கோ. பிறகு, அவைக்குப் பயந்து தூர யார் நிக்கினம் எண்டும் பாருங்கோ.”

வெள்ளி இரவு, திருவாரூர்

தஞ்சாவூர் தாண்டினால் வழியெல்லாம் சம்பா அறுப்பு. தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; ஒரு மழை வந்தால் அத்தனையும் முளைத்துவிடும் என்ற பதற்றம் எல்லோர் பேச்சிலும் இருந்தது.

கீவளூரில் இறங்கித் தேவூர் வழியாகக் கீழ்வெண்மணி போனேன். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தொழிலாளர்களின் தெருவில், ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள்.

நிவாரண அமைப்புகளின் அறிக்கைகளில் மோதல் பகுதி என்றால் படைகள் எதிரெதிரே நிற்கும் இடம். அந்த வரையறைக்குள் இந்தப் பக்கம் ஒருநாளும் வராது. ஆனால் 1977 நவம்பரில் பெரும்புயல் நாகையை அடித்தபோது வெண்மணி எரிந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பக்கத்து ஊர்த் தெருவில் நாற்றுக்கட்டுத் தூக்கியே முதுகு வளைந்துபோன அம்மா ஒருவர் சொன்னார்:

“கஞ்சித்தொட்டி வச்சாங்க தாயி, வைக்காம இல்ல. எங்க வச்சாங்க? மிராசு வூட்டு வாசல்ல. எங்க மாமியா சட்டிய எடுக்கவே இல்ல. வெண்மணிய மறந்துட்டு அந்த வாசல்ல கை நீட்ட மாட்டேன்னுட்டா. புள்ளைவோ எல்லாம் ரெண்டு நாளு பட்டினி.”

கஞ்சி ஊற்றியவர் நல்ல மனதோடுதான் ஊற்றியிருப்பார். யாரையும் விரட்டியிருக்கவும் மாட்டார். அன்றைய கணக்கில் அந்தத் தெருவும் சாப்பிட்டதாகவே எழுதப்பட்டிருக்கும். தொட்டியைக் கொண்டுபோய் எந்த வாசலில் இறக்குகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. இதை வகுப்பில் முதல் மணி நேரத்திலேயே சொல்லப் போகிறேன்.

சனி இரவு, நாகப்பட்டினம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள்; 6,000 பேருக்கும் மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி என்று ஒரு காலைப்பொழுதில் தெருத்தெருவாகப் போனார்கள். நாகூர் தர்காவும் ஜமாத்தார்களும் மதம் பார்க்காமல் உடல்களை எடுத்து அடக்கம் செய்ததை இங்கே எல்லோரும் இன்றைக்கும் கண் கலங்கச் சொல்கிறார்கள்.

அப்போது கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைச் சந்தித்தேன். தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனை நாகைக்கு மாற்றியது, ஜனவரி முதல் வாரத்திலேயே தொண்டு நிறுவனங்களை எல்லாம் ஒரே ஒருங்கிணைப்பு மையத்தின் கீழ் கொண்டுவந்தது, யாருக்கு எந்த ஊர் என்று பிரித்துக் கொடுத்தது என எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். அதற்கு முன்பு லாரிகள் வந்த வேகத்தில் பழைய துணிகளைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போயிருக்கின்றன. நனைந்து மக்கிய அந்தத் துணியை அள்ளவே தனியாக ஆள் போட வேண்டி வந்ததாம். “எல்லாத்தையும் இழந்தவங்கம்மா அவங்க. ஆனா நேத்து வரைக்கும் சொந்தப் படகு வச்சிருந்தவங்க. அடுத்தவன் போட்டுக் கழிச்ச சட்டைய எப்படிப் போடுவாங்க?”

கீச்சாங்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா என்னை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டார். அவர் சொன்னது இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமானது. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. வயது வந்த ஆண்பிள்ளை ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுவது. வரி கட்டுகிறவர்தான் ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம். சுனாமிக்குப் பிறகு வந்த பொருளை எல்லாம் பல ஊர்களில் பஞ்சாயத்தார் அந்த வரிக் கணக்கை வைத்தே பங்கு பிரித்தார்கள். அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. அடிதடி இல்லை, ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய என்ற பேச்சில்லை, ஒரே நாளில் வேலை முடிந்தது. எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் அப்படிச் செய்திருக்க முடியாது.

அக்காவின் கணவர் சுனாமிக்கு முன்பே கடலில் போய்விட்டவர். “எனக்கு வரி இல்ல. வரி இல்லன்னா பங்கு இல்ல. கேட்டா, சில ஊருல அரைப்பங்கு குடுத்தாங்கன்னு சொல்வாங்க. எங்க பஞ்சாயத்து கெட்டவங்க இல்லம்மா, எங்க சாதிசனந்தான். ஆனா அந்த நோட்டுல என் பேரு எழுத எடமே இல்ல.” அவரைப்போன்ற பெண்கள் சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்தில் போய் நின்ற பிறகுதான் தனிப் பதிவு நடந்தது.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கடல்நீர் ஏறி உப்புப் பாய்ந்த வயல்களை நம்பியிருந்த தலித் கூலித் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. வீடு இடியவில்லை, ஆள் சாகவில்லை, படகு போகவில்லை, போனது வேலை. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. நிலத்துக்காரருக்கு இழப்பீடு வந்தது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரால் உப்பைக் கழுவி அந்த வயல்களை மீட்டதில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவும் அவரோடு நின்ற உழவர்களும் செய்த வேலை பெரிது. வயல் பழையபடி விளையும்வரை கூலிக்காரர் குடும்பம் எதைத் தின்றது என்று விசாரித்தேன். பல வீடுகளில் ஒரே பதில்தான்: திருப்பூர். மீனவரும் இல்லை, விவசாயியும் இல்லை என்று கழிக்கப்பட்ட பூம்பூம் மாட்டுக்காரர் பிள்ளைகள் கையேந்தி நின்றதைப் பார்த்துப் பிறந்ததுதான் இந்த மாவட்டத்தில் நடக்கும் வானவில் பள்ளி.

அதே அலை, அதே நாளில், இன்னும் இரண்டு கரைகளில் போருக்கு நடுவே போய் ஏறியது.

இந்தோனேசியாவின் ஆச்சேயில் அரசுக்கும் தனிநாடு கேட்ட கிளர்ச்சியாளர்களுக்கும் 1976இலிருந்து நடந்த போர், அலை அடித்த எட்டாவது மாதத்தில், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கி ஒப்பந்தத்தில் முடிந்தது. அலைதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலைக்கு முன்பே இரு தரப்பும் பேசிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. பேரழிவு அந்தப் பேச்சை விரைவுபடுத்தியது.

இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர்நிறுத்தம் இருந்தது, ஆனால் பிய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவி அரசு இருக்கும் கொழும்பின் கையிலா, புலிகளின் தலைமையிடமான கிளிநொச்சியின் கையிலா என்று ஆறு மாதம் இழுபறி. 2005 ஜூன் 24 அன்று அரசும் புலிகளும் உதவியைச் சேர்ந்து நிர்வகிப்பதற்கான ‘பொதுக் கட்டமைப்பு’ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கிழக்கில் பெருவாரியாக உயிரையும் உடைமையையும் இழந்த முஸ்லிம்கள் அதில் கையெழுத்திடும் தரப்பாகவே இல்லை. தங்களைக் கேட்காமல் தங்களைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னது நியாயம். அடுத்த மாதமே இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. கட்டமைப்பு நடைமுறைக்கு வரவே இல்லை. 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில், சுனாமி நிவாரணத்துக்காகக் குடிநீர், சுகாதாரப் பணி செய்துகொண்டிருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். சீருடைச் சட்டையோடு கிடந்தார்கள். தண்ணீர்க் குழாய் போட வந்த பிள்ளைகள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது; என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதே வயது.

கொட்டப்பட்டுப் பெரியவர் சொன்ன அந்த மேசை நினைவுக்கு வருகிறது. கொழும்பிலும் கிளிநொச்சியிலும் நடந்தது அந்த மேசைக்கான சண்டைதான். கீச்சாங்குப்பத்தில் ஆயுதம் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு, நாகைத் துறைமுகம்

இன்று ஓய்வு. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் நிலையம் வரை நடந்தேன். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை. இடையில் இருப்பது சில மணி நேரக் கடல். பக்கத்தில் இருப்பது எல்லாம் எட்டிவிடாது என்பதையும் இந்தக் கடல்தான் காட்டியது. 2009இல் ஈழப் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காகப் புலம்பெயர்ந்தோர் பொருள் சேர்த்து அனுப்பிய ‘வணங்காமண்’ கப்பலை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. பொருள் சென்னையில் இறங்கி, வேறு கப்பலில் கொழும்பு போய், அங்கேயும் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தது. பசி முகாமில், அரிசி கிடங்கில்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது தமிழ்நாடு அங்கே 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முடிவெடுத்ததும் நினைவுக்கு வந்தது. முதலில் தமிழர் பகுதிகளுக்கு என்றுதான் பேச்சு எழுந்தது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே அனுப்பப்பட்டது. இத்தனை இழந்தவர்களின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. வியன்னாவில் எழுதியதை வகுப்பில் சொல்வதற்குப் பதில் இனி இதைச் சொல்லலாம்.

திங்கள் இரவு, வேதாரண்யம்

வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாகப் பேருந்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பகுதி. இளந்தென்னைகள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. காய்க்கத் தொடங்கிய தென்னை ஒரு குடும்பத்துக்கு ஐம்பது வருடச் சோறு.

கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டராவது வேண்டும் என்கிறது நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு. இங்கே ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, ஊர்கூடிக் காசு போட்டு மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினார்கள். காசு போட்ட தெருவுக்குக் குழாய் முதலில் திறந்தது. நிவாரண லாரிகளை நெடுஞ்சாலை ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொண்டார்கள். அவர்களும் பட்டினி கிடந்தவர்கள்தான். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உப்பளத்துக் குடியிருப்புகளுக்கும் உள்ளடங்கிய தெருக்களுக்கும் அரசின் 27 வகைப் பொருள் பையும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆறுகாட்டுத்துறையில் மோதல் இன்றும் நடப்பது. இங்கிருந்து ஃபைபர் படகில் போகிறவர்களை இலங்கைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நடுக்கடலில் மறித்து, வலை, இன்ஜின், ஜி.பி.எஸ்., செல்போன் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு அடித்து அனுப்புவது வருடா வருடம் நடக்கிறது. இலங்கைக் கடற்படையின் கைது இன்னொரு பக்கம். வலை போன வீட்டுக்கு அது புயல்தான். ஆனால் புயலுக்குக் கிடைக்கும் கணக்கெடுப்பு அதற்குக் கிடையாது.

எதிர்க்கரையின் வலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். போர் முடியும்வரை வடக்கு மீனவர்களுக்குக் கடல் பூட்டியே கிடந்தது. திரும்பி வந்து சிறு படகில் வலை விரித்தவர்களின் வலையையும் கடலடியையும் நம் பக்கத்து இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போயின. கடலடியை வாரும் இழுவை மடி வலையை இலங்கை 2017இல் தடை செய்தது. ஆறுகாட்டுத்துறைத் தம்பி ஒருவர் இதை மறைக்காமல் சொன்னார்: “அவங்களும் தமிழன், அவங்களும் சுனாமில செத்தவங்க. இழுவை மடிக்காரன் செய்யிறதுக்கு ஃபைபர்காரன் அடி வாங்குறோம்க்கா.” சுனாமிக்குப் பிறகு தானமாக வந்த படகுகள் பல ஊர்களில் பறிபோனதைவிடக் கூடுதலாக இருந்தன. கரை முழுக்கப் படகைக் கொடுத்தவர்கள், கடலில் மீன் எவ்வளவு என்று கேட்கவில்லை.

செவ்வாய் இரவு, கோடியக்கரை

காலையில் சதுப்பில் பூநாரைகள் நின்றன. சோழர் காலக் கலங்கரை விளக்கம் இருந்த இடத்தையும் பார்த்தேன். மிச்சமிருந்ததை 2004 அலை கொண்டுபோய்விட்டது.

மதியம் மகளிர் குழு ஒன்றின் கூட்டத்தில் உட்கார்ந்தேன். கஜாவுக்குப் பிறகு இவர்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தெருவாரியாக, எந்த வீட்டில் படுக்கையில் கிடப்பவர், எங்கே நிறைமாதம், எந்த வீட்டில் ஆண் இல்லை, யார் வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில், யாருக்கு ரேஷன் கார்டு வேறு ஊரில் என்று எழுதி, மழைக்காலத்துக்கு முன்னால் திருத்திக்கொள்கிறார்கள். இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து எழுதுவது. அந்த இரண்டு தெருவுக்கும் கோயில் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. நோட்டுக்கு மட்டும் வந்து உட்கார்கிறார்கள்.

“ஒரு வருசம் அவங்க தெருவுல எழுதுவாங்க, ஒரு வருசம் எங்க தெருவுல. ஆனா எங்க தெருப் பேர அவங்கதான் வாசிச்சுக் காட்டணும், அவங்க தெருப் பேர நாங்க. வுட்டுப்போனது அப்பத்தான் தெரியும்” என்றார் தலைவி.

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம். கஜா இரவில் பேரிடர் மையத்துக்குப் போகாமல் ஒரு பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்தத் தெருவில் ஆள் பாக்கி இல்லை என்று இந்தத் தெருக்காரர் சொன்னதை நம்பி மையத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார், நோட்டில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

கூட்டம் முடியும் நேரத்தில் நான் ஒன்று கேட்டேன். சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்கும் மீனவக் குடும்பங்கள் நோட்டில் உண்டா? ஐப்பசி முதல் மாசி வரை, புயல் வரும் மாதங்களில்தான் அவர்கள் இங்கே இருப்பது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இந்த ஊர்க்காரர் இல்லையே என்று ஒருத்தி சொன்னாள். போன வருடம் கரையில் வலைத் தகராறு நடந்தது, அவர்கள் பெயரை எழுதப் போனால் நம் ஆம்பிளைகள் சண்டைக்கு வருவார்கள் என்றாள் இன்னொருத்தி. வெகுநேரம் பேச்சு போனது. கடைசியில் தலைவி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘கொட்டகை’ என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்தார்.

நாளைக் காலையில், படகு கரைக்கு வருவதற்கு முன்னால், தெருவுக்கு ஒருவராக இரண்டு பேர் கரைக்குப் போகிறார்கள். கொட்டகையில் அந்த நேரத்தில் பெண்கள் மட்டும் இருப்பார்கள் என்பதால் அந்த நேரம். நானும் கூடப் போகிறேன்; ஊருக்குப் போகும் பேருந்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன்.